முறையும் பருவமும்

தமிழில் ‘முறை’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. இவர் எனக்கு இன்ன முறை என்று உறவைக் குறிக்கின்றோம். ‘என் முறை எப்போது வரும்?’ என்று வரிசையில் நிற்பவர் கேட்கின்றார். அரசன் நீதி வழங்குவதையும் ‘முறை செய்தல்’ என்றே நம் முன்னோர் வழங்கினர். உறவும் வரிசையும் நீதியும் ஒரே சொல்லில் குடியிருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஆயின், மகிழ்ச்சியோடு நின்றுவிடாமல் ஒரு வினாவையும் எழுப்பிப் பார்க்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபடும்போது நாம் எதன் பக்கம் நிற்பது? வரிசைப்படி நடந்தால் நீதிப்படி நடந்ததாகிவிடுமா?

இவ்வினா எனக்கு எழுந்த இடம் தலைநகரிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் கூடம்.

கூடத்தில் ஒரு காலை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இளந்தம்பதியர் இருவர் வாழ்ந்தனர். கணவர் திண்டுக்கல் பக்கத்தவர். தொழிற்சாலை ஒன்றில் வேலை. மனைவிக்கு இந்தி தெரியாது. தில்லியிலேயே பிறந்த தலைக்குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது, ஒரு மாலை விளக்கொளியில், பிள்ளையின் கண்மணிகள் இரண்டிலும் பால் தெறித்தாற்போன்ற வெண்மை இருப்பதைத் தாய் கண்டாள். அருகிலிருந்த மருத்துவர் பார்த்துவிட்டு, பெரிய மருத்துவமனையின் குழந்தைக் கண்நோய்ப் பிரிவுக்கு உடனே செல்லுமாறு சீட்டெழுதித் தந்தார். விடியற்காலை நான்கு மணிக்கே சென்று வரிசையில் நின்ற கணவருக்குப் பதிவுச் சாளரத்தில் ஒரு தேதி கிடைத்தது. அது மூன்று மாதம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்றிரவு அந்தப் பெண் மாடியேறி வந்தாள். “மாமா, மூணு மாசம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் பொறுக்கலாமா?” என்று கேட்டாள். எனக்குக் கண் மருத்துவம் தெரியாது. ஆனால் தெரிந்தவர்கள் சிலர் உண்டு. என்னோடு ஓர் அலுவலகத்தில் முன்பு பணியாற்றிய நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் வேறொருவருக்குச் சொன்னார். நான்காம் நாள் மருத்துவர் குழந்தையைப் பார்த்தார். அடுத்த வாரமே அறுவை நடந்தது. இன்று அச்சிறுவன் தடித்த கண்ணாடி அணிந்து பள்ளிக்குச் செல்கின்றான்.

இதுவரை சொன்னதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை எனத் தோன்றலாம். நான் வெட்கப்பட்ட இடம் இனிமேல்தான் வருகின்றது.

நான்காம் நாள் மொழித்துணையாக நானும் உடன் சென்றிருந்தேன். எங்கள் அருகே, பீகார் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த தாய் ஒருத்தி இரண்டு வயதுப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். அக்குழந்தையின் கண்களிலும் அதே வெண்மை. அவள் தலைநகர் வருவது அது மூன்றாம் தடவை. முதல் தடவை வந்தபோது பதிவு நேரம் முடிந்திருந்தது. இரண்டாம் தடவை வந்தபோது, அந்தக் கிழமையில் அப்பிரிவு இயங்காது என்று சொல்லித் தொலைவான ஒரு தேதியைக் கொடுத்தனர். ஒவ்வொரு பயணத்துக்கும் கணவனின் ஒரு வாரக் கூலி போயிற்று. “பாபூஜி, உங்கள் குழந்தை மிகவும் சின்னக் குழந்தையாயிற்றே, உங்களுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தேதி கிடைத்தது?” என்று அவள் கேட்டாள். அக்கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. வழியைத் தெரிந்துகொள்ளும் ஆவல் மட்டுமே இருந்தது. நான் விடை சொல்லவில்லை. காதில் விழாதவன்போல் கையிலிருந்த சீட்டைப் புரட்டினேன்.

அவள் உள்ளே சென்றபோது கதவு சாத்தப்படவில்லை. “இவ்வளவு நாள் ஏன் கொண்டுவரவில்லை?” என்று மருத்துவர் கேட்பது வெளியே கேட்டது. அவர் கொடியவர் அல்லர். காலை முதல் இருக்கையை விட்டு எழாமல் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மருத்துவ நோக்கில் அக்கேள்வி சரியானதுங்கூட. ஆயினும் அத்தாய் குழந்தையைக் கொண்டுவராமல் இருக்கவில்லை. கொண்டுவந்தாள், ஏற்றுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வரிசையின் சிறப்பு

இந்நிகழ்ச்சியைக் கேட்ட ஒருவர், வரிசை என்னும் ஏற்பாடே தவறு என்ற முடிவுக்கு விரைந்து வந்துவிடக் கூடாது. எளியவனுக்கு இவ்வுலகம் அளித்துள்ள மிகச் சில உரிமைகளுள் வரிசையும் ஒன்று. சாதி, செல்வம், பதவி, மொழி ஆகிய எதனையும் அது கேட்பதில்லை; முன்னால் வந்தவன் முன்னால் நிற்கின்றான். செல்வாக்குடையவனுக்கு வரிசை தேவையில்லை. அஃது இல்லாமலேயே அவன் உள்ளே போய்விடுவான். வரிசை குலைந்தால் முதலில் நசுங்குபவன் ஏழையே. ஊர்விட்டு ஊர் வந்து, அண்டை அயலில் உறவென்று சொல்ல ஒருவரும் இன்றி வாழத் தொடங்கிய நம் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். இங்கே நமக்கு மாமன் மைத்துனன் இல்லை, வரிசை இருந்தது. பள்ளிச் சேர்க்கையிலும் பங்கீட்டுக் கடையிலும் இரயில் முன்பதிவிலும் அதனை நம்பியே காலூன்றினோம்.

ஆகவே, அன்று நான் தொலைபேசியில் பேசியபோது செய்தது யாதெனின், வரிசை முறையை உறவு முறையால் வென்றதே ஆகும். ஒரு குழந்தை முன்னே சென்றது. வேறொரு குழந்தை ஓரிடம் பின்னே தள்ளப்பட்டது. அப்பிள்ளை யார், எந்த ஊர், அதற்கு என்ன நோய் என்பது எனக்குத் தெரியாது, என்றும் தெரியப்போவதில்லை. சிபாரிசு செய்வோர் அனைவர்க்கும் உள்ள வசதி இது. பயனடைந்த முகம் கண்முன் நிற்கும். இழந்த முகம் தெரியவே தெரியாது.

அப்படியானால் நான் பேசாமல் இருந்திருக்க வேண்டுமா? அதுவும் சரியெனச் சொல்ல என் மனம் இசையவில்லை. ஏன் என்பதை ஆராய்வதற்குக் குழந்தையின் காலம் எத்தகையது என்பதை முதலில் காண வேண்டும்.

பிள்ளையின் காலம்

காலத்தைப் பகுத்துப் பார்ப்பதில் நம் புலவர்கள் வல்லவர்கள். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தையின் வாழ்வைப் பத்துப் பருவங்களாகப் பிரிக்கின்றது. அவற்றுள் தொடக்கத்தில் வரும் பருவங்கள் ஆண்டுக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் அமைந்தவை. ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி அசையும் செங்கீரை; ஏழாம் மாத அளவில் தாலாட்டுக் கேட்கும் தால்; ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி; ஓராண்டு அளவில் தளர்நடையிட்டு வரும் வருகை; ஒன்றரை வயது அளவில் நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. இவற்றை நயம் பாராட்டிப் படிக்கின்றோம். இவற்றுள் ஓர் எச்சரிக்கையும் இருப்பதை நாம் கவனிப்பதில்லை. பருவம் வரும், வந்தது போகும், போன பருவம் திரும்புவதில்லை.

இற்றை மருத்துவ அறிவியல் இதனையே உறுதிப்படுத்துகின்றது. பார்வை கண்ணில் மட்டும் இல்லை. மூளை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குரிய காலம் பிறந்த முதல் மாதங்கள். டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் அறிஞர் இருவர் பூனைக்குட்டிகளை வைத்து ஆய்ந்து, பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மூடி வைத்திருந்தால், பின்னர் அதனைத் திறந்துவிட்டாலும் மூளை அக்கண்ணின் வழியாகப் பார்க்க மறுத்துவிடுகின்றது என்று கண்டனர். 1981ஆம் ஆண்டு அவர்கள் நோபல் பரிசு பெற்றனர். பிறவிக் கண்புரை அடர்ந்து இருக்குமாயின் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அகற்றுவது நலம் என்று மருத்துவர் கூறுவது இதனாலேயே. முதியவரின் கண்புரை ஆறு மாதம் காத்திருந்தால் அவர்க்கு ஆறு மாத இடர். அதனை அகற்றியதும் பழைய பார்வை பெரும்பாலும் மீளும். குழந்தையின் கண்புரை ஆறு மாதம் காத்திருந்தால், திரை விலகிய பின்னும் அம்புலி மங்கலாகவே தெரியும்.

செவியும் இத்தகையதே. பிறந்த ஒரு மாதத்திற்குள் கேட்கும் திறனைச் சோதித்து, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்து, ஆறு மாதத்திற்குள் உதவி தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் நெறி. தாலாட்டுக் கேட்கும் பருவம் கழிந்தபின் கிடைக்கும் கருவி ஒலியைத் தரலாம். மொழியை அதே எளிமையோடு தருவதில்லை. உள்நோக்கி வளைந்த பாதத்தோடு பிறந்த பிள்ளைக்கு, முதல் சில வாரங்களிலேயே தொடங்கி வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிக் கட்டினால் பெரிய அறுவை இன்றியே காலைத் திருத்திவிடலாம். இஃது இக்னாசியோ பொன்செட்டி என்னும் மருத்துவர் வகுத்த முறை. நாள் செல்லச் செல்ல எலும்பு இறுகுகின்றது. வருகைப் பருவத்தில் அப்பிள்ளை நடந்து வருவது கடினமாகின்றது. பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை நீடிக்கும். மலம் வெளுத்துப் போகும். அதற்குரிய கசாய் அறுவை 60 நாள்களுக்குள் நடந்தால் பலன் மிகுதி. இதய அறைகளுக்கு இடையே பெரிய துளையுடைய குழந்தைக்குக் காலம் தாழ்ந்தால் நுரையீரலின் குருதிக் குழாய்களில் அழுத்தம் ஏறி, பின்னர் அத்துளையை மூடவும் இயலாத நிலை வந்துவிடக்கூடும்.

ஆக, கடிகாரம் எல்லார்க்கும் ஒன்றே; காலம் ஒன்று அன்று. நாற்பது வயதுடைய நமக்கு மூன்று மாதம் என்பது ஒரு மழைக்காலம். முப்பது நாள் குழந்தைக்கு அஃது இதுவரை வாழ்ந்த வாழ்வைப்போல் மும்மடங்கு. இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, இருவர்க்கும் சமமான நாள்களைத் தரும்போது நாம் சமத்துவம் காட்டியதாக எண்ணுகின்றோம். உண்மையில், ஒருவரிடமிருந்து பொறுமையையும் மற்றவரிடமிருந்து வாழ்நாள் முழுமைக்குமான ஒரு புலனையும் வாங்கிக்கொள்கின்றோம்.

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய குறை எனக் கருத வேண்டா. பிரிட்டனில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய நல்வாழ்வுப் பணி கட்டணமின்றி அனைவர்க்கும் மருத்துவம் அளிப்பதில் உலகுக்கு முன்மாதிரி. இங்கிலாந்தில், சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படுவோருள் நூற்றுக்கு 92 பேர்க்காவது 18 வாரங்களுக்குள் மருத்துவம் தொடங்கிவிட வேண்டும் என்பது அங்குள்ள நெறி. 2016ஆம் ஆண்டிற்குப் பின்னர் அந்நெறியை அப்பணியால் எட்ட இயலவில்லை. எட்டினாலுந்தான் என்ன? 18 வாரம் என்பது 126 நாள். முழங்கால் தேய்ந்த முதியவர்க்கு அது தாங்கத்தக்க எல்லை; 60 நாள் எல்லையுடைய சிசுவுக்கு அது இருமடங்கு. அவசர நோய்களுக்கு அங்கே தனி வழிகள் உண்டு என்பது உண்மை. ஆனால் நோய் அவசரமானது என்று முதலில் ஒருவர் கண்டறிந்து சொன்னால்தான் அவ்வழி திறக்கும்.

உரத்துச் சொல்லத்தக்க காரணம்

முதற்கண் கண்டறிவது யார் என்பதே இவ்வினாவின் உயிர்நாடி. நெப்போலியனின் படையில் பணியாற்றிய டொமினிக் லாரே என்னும் அறுவை மருத்துவர், காயம்பட்டோரைப் பதவி பார்த்து எடுக்காமல், காயத்தின் கடுமை பார்த்து எடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். படைத்தலைவன் சிறு காயத்தோடு காத்திருக்க, உயிருக்குப் போராடும் எளிய வீரன் முன்னே சென்றான். இதுவும் வரிசையை மாற்றியமைத்ததே. சிபாரிசும் வரிசையை மாற்றுகின்றது. இரண்டுக்கும் வேறுபாடு யாது?

நெடுநாள் எண்ணியபின் எனக்குப் புலப்பட்ட அளவுகோல் இது. வரிசையை மீறுவதற்கான காரணத்தை அவ்வரிசையில் நிற்போர் அனைவரும் கேட்க உரத்துச் சொல்ல முடியுமா? “இப்பிள்ளையின் கண்ணுக்கு இன்னும் இரண்டு வாரந்தான் இருக்கின்றது” என்று அக்கூடத்தின் நடுவில் நின்று சொன்னால், களைத்துப் போயிருக்கும் அம்மக்களே எழுந்து வழிவிடுவர். நம் மக்களின் நெஞ்சு அத்தகையது. பேருந்தில் கைக்குழந்தையோடு ஏறுபவளுக்கு இடங்கொடுக்க எவரும் சட்டம் இயற்றவில்லை. “இப்பிள்ளையின் மாடிவீட்டுக்காரருக்கு ஓர் அதிகாரியைத் தெரியும்” என்று உரத்துச் சொல்ல எவர்க்கேனும் நா எழுமா?

என்னுடைய காரணம் உரத்துச் சொல்லத்தக்கது; நான் சென்ற வழியோ மறைக்கத்தக்கது. இவ்விரண்டும் ஒரே செயலில் கலந்திருந்தமையால்தான் அத்தாயின் கேள்விக்கு எனக்கு விடை வரவில்லை. நல்ல காரணம் தீய வழியைத் தேடிச் செல்ல நேர்ந்தது ஏன்? பதிவுச் சாளரத்தில் இருந்தவர் சீட்டைப் பார்த்தார். அடுத்துக் காலியாக இருந்த தேதியைப் பார்த்தார். குழந்தையின் கண்ணை எவரும் பார்க்கவில்லை. அங்கே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் அமர்ந்து, சீட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பிள்ளையின் முகத்தையும் ஒரு நொடி நோக்கியிருந்தால், என் தொலைபேசிக்கு வேலையே இருந்திராது. அத்தகைய செவிலியர் அங்கிருந்திருந்தால் பீகார்த் தாயின் பிள்ளையும் அதே வாசல் வழியாக, முதல் தடவையிலேயே உள்ளே சென்றிருக்கும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவன் கருத வேண்டியவை மூன்று என்கின்றது. நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் என்பன அவை. மூன்றாவதாகக் காலத்தையும் சேர்த்ததில் வள்ளுவரின் நுண்மை விளங்குகின்றது. இன்றைய நம் பெரிய மருத்துவமனைகளில் உள்ளே அமர்ந்திருக்கும் மருத்துவர்கள் முதலிரண்டையும் நன்கு ஆராய்கின்றனர். மூன்றாவது மட்டும் வெளியே சாளரத்தில், மருத்துவம் பயிலாத ஒருவர் கையில் விடப்பட்டுள்ளது.

மனுநீதிச் சோழன் கதையையும் ஈண்டு நினைவுகூரலாம். அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைக் கன்றை இழந்த பசு அடித்தது என்பர். தேர்க்காலில் பட்ட கன்றுக்காக மன்னன் தன் மகனையே இழக்கத் துணிந்ததை நாம் வியக்கின்றோம். அதற்கும் முன்னே வியக்கத்தக்கது அம்மணி. வாயில்லாத உயிர், வேண்டியவர் எவரும் இன்றி, தன் துயரை அரசன் செவிக்கு எட்டச்செய்ய ஒரு வழி அங்கே வைக்கப்பட்டிருந்தது. ஐந்து வாரக் குழந்தையும் வாயில்லாத உயிரே. அதற்கு எட்டும் உயரத்தில் நாம் எந்த மணியைக் கட்டியிருக்கின்றோம்?

சட்டமும் திட்டமும்

முற்றிலும் கட்டாமல் இல்லை. மேற்கு வங்க உழவர் தொழிலாளர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில், உரிய நேரத்தில் மருத்துவம் அளிக்கத் தவறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அது விபத்தில் அடிபட்டு, பல அரசு மருத்துவமனைகளில் இடமின்றி அலைந்த ஒருவரைப் பற்றிய வழக்கு. குருதி ஒழுகினால் அவசரம் கண்ணுக்குத் தெரிகின்றது. அமைதியாக மங்கிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையின் பார்வையும் அவசரமே என்பதை நாம் இன்னும் உணரவில்லை.

2013ஆம் ஆண்டு தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழுக்கள் சென்று, பிறவிக் குறைகளையும் வளர்ச்சித் தாமதங்களையும் கண்டறிகின்றன. 18 வயது வரையுள்ளோர்க்கு இது பொருந்தும். 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கின்றது. ஆனால் அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தபின் ஆகும் செலவு. படுக்கைக்குச் செல்லும் வழி புறநோயாளர் கூடம். அங்கே கழியும் மாதங்களை எந்தக் காப்பீடும் திருப்பித் தருவதில்லை. 2015 முதல் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் கணினி வழியே பதிவு செய்யும் வசதியும் வந்துள்ளது. விடியற்காலை வரிசை அதனால் ஓரளவு குறைந்தது. படித்தவர்க்கு அது பெரிய உதவி. படியாதவர்க்குக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வரிசை.

சிறப்பு மருத்துவர்கள் சில பெருநகரங்களில் மட்டுமே குவிந்திருக்கும்வரை கூட்டம் குறையாது. அது நீண்டகாலப் பணி. ஆயின், கைக்குழந்தைகளுக்கென்று நாள்தோறும் சில இடங்களை ஒதுக்கி வைப்பதும், எந்த நோய்க்கு எத்தனை நாள் எல்லை என்பதை அனைவரும் காணச் சுவரில் எழுதிவைப்பதும், பதிவுச் சாளரத்தில் ஒரு செவிலியரை அமர்த்துவதும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. சுவரில் எழுதிய நெறி உரத்துச் சொன்ன காரணத்திற்கு ஒப்பாகும். அதனைப் படிக்கும் ஒருவர், தமக்கு முன்னே ஒரு பிள்ளை சென்றது ஏன் என்பதை அறிவார், அறிந்தால் பொறுப்பார்.

உடனிருப்போர்

அரசு செய்ய வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டால் கட்டுரையாளனின் கடமை தீரும். மனிதனின் கடமை தீராது. மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்று மேற்சொன்ன அதிகாரமே முடிவில் கூறுகின்றது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் ஆக்க இயலாது. நான்காமவராக நாம் ஒவ்வொருவரும் ஆகலாம்.

இப்பெருநகரில் மொழி தெரியாத இளந்தாய்மார் நம்மிடையே நாள்தோறும் வந்து சேர்கின்றனர். எந்தப் பிரிவு எந்தக் கிழமை இயங்கும், எந்தச் சீட்டு வேண்டும், கணினியில் எவ்வாறு பதிவது என்பவற்றை அறிந்த ஓய்வுபெற்ற பெரியோர் நம் சங்கத்தில் பலர் உளர். அவர்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுதைத் தந்தால் போதும். பிறந்த குழந்தையின் கண்மணியில் வெண்மை, நீடிக்கும் காமாலை, ஒலிக்குத் திரும்பாத தலை, வளைந்த பாதம் ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதியாதீர் என்பதை நம் மாதர் கூட்டங்களில் சொல்லலாம். இவ்வுதவியை நம்மவர்க்கு மட்டுமே செய்தால் அது மறுபடியும் உறவு முறை ஆகிவிடும். அடுத்த இருக்கையில் அமர்ந்திருக்கும் பீகார்த் தாய்க்கும் அதே படிவத்தை நிரப்பித் தரும்போதுதான் உறவும் வரிசையும் நீதியும் அந்தப் பழைய தமிழ்ச் சொல்லில் மீண்டும் ஒன்றுகூடும்.

அன்று நான் விடை சொல்லாமல் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளில், அவளுக்கு நான் சொல்லியிருக்கக்கூடியவை பல இருந்தன. அடுத்த தேதியை எப்படி வாங்குவது, எங்கே தங்குவது, அறுவைக்குப்பின் கண்ணாடிக்கு யாரைக் கேட்பது என்பனவெல்லாம் எனக்குத் தெரியும். நான் செய்த சிபாரிசுக்காக இன்றும் முழுமையாக வருந்த என்னால் இயலவில்லை. அச்சிறுவன் படிக்கட்டில் ஓடி ஏறிவரும் ஓசை கேட்கும்போது வருத்தம் நிற்பதில்லை. ஆனால் அந்த மௌனத்துக்காக வருந்துகின்றேன். அப்பெண் குழந்தைக்கு இப்போது பள்ளி செல்லும் வயது இருக்கும். அவள் கரும்பலகையைக் காண்கின்றாளா என்பதை நான் அறியேன்.